தையல்கூடமும் கடையும்: கணினிக்கு முதல் செலவை எதில் செய்வது?

கேள்வி: தெய்ஞ்ஜி கடைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். யாங்கூனில் தெய்ஞ்ஜி சந்தைக்கு அடுத்த தெருவில், எங்கள் தகப்பனார் தொடங்கிய துணிக்கடையை இப்போது நானும் என் தங்கையும் நடத்தி வருகிறோம். நகரின் இன்னொரு பகுதியான டோபோனில் பதினொரு இயந்திரங்கள் கொண்ட தையல்கூடமும் உண்டு. பள்ளிச் சீருடைதான் எங்கள் பிழைப்பு: வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும். ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடும் என்பதால், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்திலிருந்து மே கடைசி வரை நடக்கும் வியாபாரம்தான் ஆண்டின் மற்ற மாதங்களையும் தாங்கியாக வேண்டும்.

சென்ற பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 32 அளவுச் சட்டை தீர்ந்துவிட்டது என்று மூன்று நாள்கள் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினோம். நான்காம் நாள் டோபோனுக்குப் போனபோது, இஸ்திரி மேசைக்கு அடியில் அதே 32 அளவில் நாற்பது சட்டைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. தையல்கூடத்து நோட்டில் 'அனுப்பியாயிற்று' என்று எழுதியிருந்தது. கடைப் பேரேட்டில் வரவே இல்லை. யாரும் பொய் எழுதவில்லை. கட்டு கட்டியதும் அங்கே எழுதிவிட்டார்கள், சைக்கார் என்ற மிதிவண்டி ரிக்ஷா ஓட்டுபவர் அன்று வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நாள்களில் எத்தனை தாய்மார் பக்கத்துக் கடைக்குப் போனார்களோ தெரியாது.

இந்தப் பருவத்துக்கு முன் கணினி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தோம். ஒருவர் வந்து, கணினியில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வடிவம்) வரையும் மென்பொருளும் பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டரும் வாங்கினால் துணி மிச்சமாகும் என்கிறார். இன்னொருவர், பார்கோடும் பில் போடும் மென்பொருளும் வாங்கச் சொல்கிறார். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் ஆகும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியும். பில்லில் பர்மிய எழுத்தும் வர வேண்டும். இவற்றோடு, லுங்கிக்குப் புதுக் கரை வடிவங்களைக் கணினியில் வரைந்து நெய்யக் கொடுக்கலாம் என்று என் தங்கைக்கு ஓர் ஆசை. இந்த வேலைகளில் பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி 1: மார்க்கர் அறை

தம்பி, நான் லைந்தாயாவில் ஏற்றுமதித் தையல் தொழிற்சாலையொன்றின் வெட்டும் பிரிவில் இருப்பவன். பேட்டர்ன் மென்பொருளோடுதான் என் பகல் முழுவதும் போகிறது. அதனால் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. ஆனால் உங்களை வாங்கச் சொல்லப் போவதில்லை.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தையல் மாஸ்டர் அட்டையில் வெட்டி வைத்திருக்கும் 32 அளவுச் சட்டையின் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பலகையில் வைத்து, ஓரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கணினிக்குள் ஏற்றுவோம். இப்போது அட்டையைப் படமெடுத்தே ஏற்றும் வசதியும் வந்துவிட்டது. அடுத்தது கிரேடிங், அதாவது ஓர் அளவிலிருந்து மற்ற அளவுகளை வரைவது. 32இலிருந்து 34க்குப் போகும்போது மார்புச் சுற்றில் 2 அங்குலம் கூடுகிறது என்றால், நான்கு கால்பாகங்களில் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் சேர வேண்டும். தோள் அவ்வளவு கூடாது. கைக்குழி வளைவு வேறு கணக்கில் நகரும். இந்த விதியை ஒரு முறை எழுதிவிட்டால் 24 முதல் 40 வரை எல்லா அளவுகளையும் கணினியே வரைந்து தரும். மூன்றாவது மார்க்கர். எல்லாப் பாகங்களையும் துணி அகலத்துக்குள் இடைவெளி குறைத்து அடுக்குவது அது. பெரிய அளவின் கழுத்து வளைவுக்குள் சிறிய அளவின் காலரை நுழைப்பது போன்ற வேலை. ஆனால் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் திசையை மாற்றக் கூடாது, மாற்றினால் துவைத்த பிறகு சட்டை முறுக்கிக்கொள்ளும்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. நூறு சட்டைக்கு 140 கெஜம் துணி போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையால் அடுக்கும்போது துணியில் நூற்றுக்கு 78 பங்கு சட்டையாகி மீதி வெட்டுத்துண்டாகப் போகிறது என்றும், கணினியில் அடுக்கினால் 84 பங்கு பயன்படுகிறது என்றும் கொள்ளுங்கள். அதே நூறு சட்டைக்கு 130 கெஜம் போதும். பத்து கெஜம் மிச்சம். உங்கள் துணியில் இந்த விகிதம் வேறாக இருக்கும். ஒரு மார்க்கரின் வெட்டுத்துண்டை எடை போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் தொழிற்சாலையிலோ அந்தப் பத்து கெஜம் எங்களுடையது அன்று. இங்கே நடப்பது பெரும்பாலும் வெட்டி, தைத்து, பொதி செய்து தரும் கூலி வேலை. துணியும் வாங்குபவருடையது, பேட்டர்னும் அவர்கள் அனுப்புவது. சில மாடல்களுக்கு மார்க்கர் கோப்பும் வெளிநாட்டிலிருந்தே மின்னஞ்சலில் வந்துவிடும். நாங்கள் பிளாட்டரில் அச்சடித்து வெட்டுவதோடு சரி. ஜெர்பர், லெக்ட்ரா என்ற இரண்டு பெயர்களைத்தான் இந்தத் தொழிலில் அதிகம் கேட்பீர்கள். பல காலம் போட்டியாளர்களாக இருந்தார்கள், 2021இல் லெக்ட்ரா ஜெர்பரை வாங்கிவிட்டது. அவர்களுடைய தானியங்கி வெட்டும் மேசையில், அடுக்கிய துணியின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அடுக்கை இறுக்கிய பிறகுதான் கத்தி இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். பதினொரு இயந்திரக் கூடத்துக்கு அது யானை கட்டித் தீனி போடும் கதை.

உங்கள் துணி உங்களுடையது என்பதால் மிச்சமும் உங்களுடையதுதான். ஆனாலும் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். ஒன்று, லுங்கிக்கு வளைவே கிடையாது. நேராக வெட்டி ஓரத்தை மூட்டினால் லுங்கி. உங்கள் வியாபாரத்தில் பாதிக்கு இந்த மென்பொருளால் ஒரு காசு பயன் இல்லை. இரண்டு, பள்ளிச் சட்டையின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஒரே ஒரு முறை, பேட்டர்ன் வேலையைக் கூலிக்குச் செய்து தருபவரிடம் அட்டைகளைக் கொடுத்து, எல்லா அளவுக்கும் கிரேடிங் செய்து, உங்கள் துணி அகலத்துக்கு நான்கைந்து மார்க்கர் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பை டிஎக்ஸ்எஃப் வடிவிலும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் பெரும்பாலும் திறக்கும். துணி அகலம் மாறினால் மட்டும் மறுபடி போனால் போதும். ஆண்டுக்கு நாலு நாள் வேலைக்கு யாராவது மாட்டை விலைக்கு வாங்குவார்களா?


மறுமொழி 2: மோல்மேன் பலசரக்கு

மார்க்கர் அறைத் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் தையல் அறியாதவன். மோல்மேனில் பருப்பும் மிளகாயும் விற்பவன். பார்கோடு, பில் மென்பொருள் இரண்டிலும் அடிபட்டு எழுந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் நாற்பது சட்டைகள் காணாமல் போனதற்குக் காரணம் நோட்டு அன்று. தையல்கூடத்தில் அந்தச் சட்டைக்கு ஒரு பெயர், கடையில் வேறு பெயர், இடையில் வண்டியில் இருக்கும்போது பெயரே இல்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது கணினி அன்று. ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண். அதற்குக் காசு வேண்டாம். ஆண், பெண் என்று இரண்டு வகைச் சட்டை, 24 முதல் 40 வரை இரட்டைப்படையில் ஒன்பது அளவு, இரண்டு தரத் துணி என்றால் 36 எண்கள். லுங்கிக்கு ஒரு பன்னிரண்டு. மொத்தம் 48 வரிகள். ஒரு தாளில் அடங்கிவிடும். அந்தத் தாள் டோபோன் சுவரிலும் கடைச் சுவரிலும் ஒட்டப்படட்டும். வெட்டுபவர், தைப்பவர், கட்டு கட்டுபவர், விற்பவர் எல்லோரும் அந்த எண்ணையே எழுதட்டும். பெரிய நிறுவனங்களில் வடிவமைப்பும் தொழிற்சாலையும் கடையும் கணினியால் இணைந்திருக்கின்றன என்று சொல்லும்போது, உள்ளே இருக்கும் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான்: மூன்று இடத்திலும் ஒரே எண்.

பார்கோடு என்பது அந்த எண்ணைக் கண்ணால் படிக்காமல் ஒளியால் படிப்பது, வேறொன்றும் இல்லை. 1974 ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டிராய் ஊர்க் கடையொன்றில் ஒரு பொட்டலம் சூயிங்கம்தான் முதன்முதலாக இப்படிப் படிக்கப்பட்டது. இப்போது நாம் பார்க்கும் குறியீடுகளில் பெரும்பாலும் பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். பர்மாவில் பதிவு செய்த எண்கள் 883 என்று தொடங்கும். அது எண் பதிவான நாட்டைக் காட்டுமே தவிர, சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. உங்கள் சொந்தக் கடைக்குள் மட்டும் விற்பதென்றால் பதிவே தேவையில்லை. 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடையின் உள்ளுபயோகத்துக்கென்று விடப்பட்டவை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் பன்னிரண்டில் ஒற்றைப்படை இடத்து இலக்கங்களைக் கூட்டி, இரட்டைப்படை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே அந்த இலக்கம். 200000001234 என்று எடுத்தால் 6 வரும். நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் இயந்திரம் உடனே மறுத்துவிடும். எங்கள் கணக்கப்பிள்ளையிடம் அந்தக் குணம் இருந்ததில்லை.

என் அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய மென்பொருளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்குப் பெயர்களைப் பர்மியத்தில் ஏற்றி வைத்தோம். எல்லாம் பழைய ஸோஜி எழுத்துருவில், பர்மிய எழுத்துக்கென்று தனிக் குறியீட்டில் அமைந்தது அது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. நாங்களும் புதுக் கணினிக்கு மாறினோம். மறுநாள் காலை பில்லில் துவரம்பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமும் சுழியும் இடம் மாறி, யாராலும் படிக்க முடியாத ஏதோ ஒன்று வந்தது. விற்பவரைக் கூப்பிட்டால் அது எங்கள் எழுத்துருக் கோளாறு என்றார். கெடாமல் இருந்தவை சரக்கு எண்கள் மட்டுமே. அந்த எண்களை வைத்துத்தான் இரண்டு வாரம் உட்கார்ந்து பெயர்களைத் திரும்ப ஏற்றினோம். ஆகவே வாங்குவதற்கு முன், யூனிகோடில் ஐந்து பெயர்களை உங்கள் கையால் அடித்து, அவர்கள் தரும் அச்சுப்பொறியிலேயே பில் எடுத்துப் பாருங்கள். கணினித் திரையில் சரியாகத் தெரிவது போதாது. சின்ன பில் அச்சுப்பொறிகள் பலவற்றுக்குப் பர்மிய எழுத்து தெரியாது, எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும்.

எங்கள் தொழிலில் இன்னொரு சிக்கல் உண்டு, உங்களுக்கு வராது. வெளியூர் மென்பொருள்கள் கிலோ கேட்கும். வாடிக்கையாளர் வீசை கேட்பார். இங்கே ஒரு வீசை நூறு டிக்கல், சுமார் 1.63 கிலோ. என் பாட்டி சொன்ன சென்னை வீசையோ 1.4 கிலோவுக்குச் சற்று மேல்தான். பெயர் ஒன்று, எடை வேறு. கடைசியில் டிக்கலையே அலகாக வைத்து எல்லாவற்றையும் எண்ணிக்கையாக மாற்றிக்கொண்டேன்.


தெய்ஞ்ஜி கடைக்காரன்:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. 48 வரித் தாளை நேற்று இரவே எழுதத் தொடங்கினோம். 51 வந்தது, ஏனென்றால் கால்சட்டை ஒரு வகை இருப்பதை நானே மறந்திருந்தேன். பேட்டர்ன் வேலையைக் கூலிக்குக் கொடுப்பதென்றும் முடிவு செய்துவிட்டோம். மின்சாரம் இல்லாத நேரத்தில் பில் போடுவது எப்படி, டோபோனிலிருந்து கடைக்கு வருவதைப் பதிவது எப்படி என்ற இரண்டும்தான் இன்னும் தெளியவில்லை.


மறுமொழி 3: மோல்மேன் பலசரக்கு

இணையம் இல்லாவிட்டாலும் தன் பாட்டுக்கு ஓடி, பிறகு சேர்ந்துகொள்ளும் மென்பொருளாகப் பாருங்கள். மேசைக் கணினி வேண்டாம், மடிக்கணினி போதும். பில் அச்சுப்பொறியும் தனக்கென்று பேட்டரி உள்ளதாக இருக்கட்டும். நாள் முடிவில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கைபேசியில் கியூஆர் காட்டிப் பணம் வாங்குகிறீர்கள் என்றால், அந்தத் தொகையைக் கல்லாப் பணத்தோடு கலக்காமல் தனி வரியாகப் பதியுங்கள். இல்லையென்றால் இரவுக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

டோபோன் கட்டுக்கு மூன்று நிலை வையுங்கள்: கூடத்தில், வழியில், கடையில். கட்டு கட்டியதும் 'வழியில்' என்று மாறட்டும். கடையில் இறக்கி எண்ணிய பிறகே 'கடையில்' ஆகட்டும். எண்ணாமல் மாற்றக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு 'வழியில்' என்று ஏதாவது இருந்தால் தொலைபேசியை எடுங்கள். அன்று உங்கள் நாற்பது சட்டைகள் இருந்தது அந்த நடு நிலையில்தான்.


மறுமொழி 4: பாவும் ஊடையும்

கரை வடிவம் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். மண்டலே பக்கத்து நெசவுக்கூடங்களுக்கு வடிவம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இது கடைக்கார அண்ணனின் தங்கைக்கு.

தங்கையே, கணினியில் நெசவு வடிவம் வரைவது படம் வரைவது போல இருக்காது. திரையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூலும் குறுக்கே போகும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். கட்டத்தைக் கறுப்பாக்கினால் பாவு மேலே, வெள்ளையாக விட்டால் கீழே. காஞ்சிபுரத்துத் தறிகளில், எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவதும் இதே கணக்குத்தான். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த அந்த ஏற்பாடுதான் பிற்காலத்துக் கணினிகளுக்குத் துளை அட்டையைக் கொடுத்தது என்பதால், கணினி தறிக்கு வந்ததை நான் புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்ததாகவே நினைப்பேன். இப்போதைய மின்னணு ஜக்கார்டில் அட்டை இல்லை. கோப்பைக் கொடுத்தால் போதும்.

கோப்பைக் கொடுக்குமுன் பாவு நூல்களைத் தூக்கும் கொக்கிகள் தறியில் எத்தனை என்று கேளுங்கள். உங்கள் வடிவத்தின் அகலம் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கி, மீண்டும் மீண்டும் வரும்போது ஓரங்கள் பொருந்த வேண்டும். நான் முதலில் போட்ட ஒரு கொடி வடிவத்தில் இரண்டு கட்டம் கூடிவிட்டது. இருபது கெஜம் நெய்த பிறகுதான், ஒவ்வொரு மடிப்பிலும் இலை ஒன்று பாதியாக நறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தோம். அந்தத் துணி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அச்செய்க் என்ற பர்மிய அலை வடிவத்தை மட்டும் இப்படிச் செய்ய நினைக்காதீர்கள். அதை நெய்யும் முறைக்கு லுன்தயா என்று பெயர், நூறு நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் தறிக் கட்டை) என்று பொருள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நாடாவைக் கையால் கோத்துக் கோத்து அலை போல எழுப்பும் நெசவு அது. அதன் படத்தைக் கணினியில் ஏற்றி ஜக்கார்டில் நெய்யலாம். முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். பின்பக்கத்தைத் திருப்பினால் நூல்கள் பிணைப்பில்லாமல் நீளமாக ஓடுவதைப் பொதுவாகப் பார்க்கலாம், உடுத்தும்போது கால்விரலில் சிக்கும். விலை குறைவு என்பதால் அதற்கும் வாங்குபவர்கள் உண்டு. ஆனால் கைத்தறி என்று சொல்லி விற்காதீர்கள்.

இன்னொன்று. எந்தக் கரை விற்கும் என்பதை வடிவமைப்பவரால் சொல்ல முடியாது, கடை சொல்லும். ஸாரா ஆடைக்கடைகளை நடத்தும் ஸ்பானிய நிறுவனம் வளர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, கடையில் என்ன போகிறது, வாடிக்கையாளர் என்ன கேட்டுவிட்டு இல்லாமல் திரும்புகிறார் என்பதெல்லாம் வடிவமைப்பவர்களின் மேசைக்கு உடனுக்குடன் வந்துவிடுவது. உங்களுக்கு அதற்கு மென்பொருள் தேவையில்லை. பில் மேசையில் ஒரு நோட்டு வைத்து, 'கேட்டார், இல்லை' என்று எண்ணோடு எழுதி வையுங்கள். விற்றதைக் கணினி காட்டும். விற்காமல் போனதை எந்தக் கணினியும் தானாகக் காட்டாது. ஒரு பருவம் எழுதிய பிறகு கரை வரைய உட்காருங்கள்.


மறுமொழி 5: மார்க்கர் அறை

அக்கா சொன்ன அந்த நோட்டைத் தையல்கூடத்துக்கும் காட்டுங்கள், தம்பி. மார்க்கரில் ஓர் அடுக்கில் எந்த அளவு எத்தனை என்ற விகிதம் வைப்போம்; 28க்கு ஒன்று, 30க்கு இரண்டு, 32க்கு இரண்டு என்பது போல. பல கூடங்களில் அது பழக்கத்தில் வந்த விகிதம். உங்களிடம் விற்ற கணக்கும் கேட்டுப் போன கணக்கும் அளவு வாரியாகச் சேர்ந்தால், அடுத்த பருவத்து மார்க்கரை அந்த விகிதத்திலேயே அச்சிடச் சொல்லலாம். துணி மிச்சப்படுத்துவதைவிட, விற்காத அளவைத் தைக்காமல் இருப்பதில் கிடைக்கும் மிச்சம் பெரியது. என் வேலைக்கு எதிராக நானே எழுதுகிறேன், பாருங்கள்.


தெய்ஞ்ஜி கடைக்காரன்:

எல்லாவற்றையும் அச்செடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். கரை வடிவத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டாள், கொஞ்சம் முகம் வாடித்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் இருப்பு எண்ணப் போகிறோம். கடைசியாக ஒரு சிறு சந்தேகம்: சோதனைக்காகப் பச்சை லுங்கியில் ஒட்டிய பார்கோடு சீட்டு இரண்டே வாரத்தில் வெளிறிவிட்டது, உரித்த இடத்தில் பசையும் நிற்கிறது. இதற்கு என்ன செய்வது?


மறுமொழி 6: மோல்மேன் பலசரக்கு

நீங்கள் வாங்கியது சூட்டிலேயே கறுக்கும் சீட்டு. வெயில் படும் கடை முகப்பில் அது நிற்காது. மை நாடா போட்டு அச்சிடும் வகையை வாங்குங்கள். துணியில் ஒட்டவும் வேண்டாம். சிறு அட்டையில் ஒட்டி, இடுப்புப் பட்டியின் உள்பக்கம் டேக் ஊசியால் கோத்துவிடுங்கள். பசை நின்ற லுங்கியில் அரிசிமாவைத் தூவித் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறாள் என் மனைவி.